பூங்கொடிக்கு வந்த ரிப்பன்

பூங்கொடியை ஒழித்துக்கட்டிவிட்டு அவள் இடத்தில் நான் போய் நிற்க வேண்டும் என்ற யோசனை எனக்கு முதன்முதலில் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். பஞ்சாயத்து ரேடியோவுக்கு நேர் கீழே, வாயில் பாதிக் கடலைமிட்டாயோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பூங்கொடிக்கும் ஒன்பது வயது என்றுதான் ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே ஆள் என் அம்மா.

அம்மா அப்போது ரேடியோவில் நடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் பூதலூரில் பாசஞ்சர் ஏறித் திருச்சிக்குப் போவாள். சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் கால் மணி நேரம் ஒரு குடும்பம் பேசும். அப்பா, அம்மா, மகள். புகையான் பூச்சிக்கு என்ன மருந்து, குறுவைக்கு எந்த விதை, வாய்க்காலில் தண்ணீர் முறை எப்போது என்று அந்தக் குடும்பம் சோறு தின்கிற நேரத்திலும் வேறு பேச்சே பேசாது. அதில் அம்மாவாகப் பேசியது என் அம்மா. மகளாகப் பேசியவள்தான் பூங்கொடி.

நிகழ்ச்சி நேரடியாகவே போகும். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில் இருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து அம்மாவின் குரல் கிளம்பினால் பெருமாள் கோயில் குளம் வரைக்கும் கேட்கும். நிலத்தை வைத்திருந்தவர்கள் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். நிலத்தில் பாடுபட்டவர்கள் மணலில் உட்கார்ந்து கேட்பார்கள். குத்தகைத் தகராறில் அந்த வருஷம் பெஞ்சும் மணலும் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. ஆனாலும் அந்தக் கால் மணி நேரம் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு என் அம்மாவைக் கேட்டது. எனக்கு அதில் கர்வம் இல்லாமல் இல்லை. ஆனால் கர்வப்படுவதற்கு எங்கே நேரம்? பூங்கொடி விட்டால்தானே.

ரேடியோவில் அம்மா பூங்கொடியைக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும். "என் தங்கமே, இங்க வாடா கண்ணு." சொல்லும்போதே வெல்லம் கரைகிற மாதிரி இருக்கும். அதே அம்மா வீட்டில் என்னைக் கூப்பிடுவது: "அடியே கழுத, எங்கடி தொலஞ்ச?" இரண்டும் ஒரே தொண்டைதான். தொண்டைக்குள் இரண்டு கதவு வைத்து, நல்ல கதவை வாரத்தில் ஒரு நாள் பூங்கொடிக்காக மட்டும் திறக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இதுகூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அதற்கு நாலு நாள் முன்னால், அம்மா நாற்றுக்கட்டோடு வரப்பில் நடக்கும்போது பின்னால் ஓடிக்கொண்டே நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். "ஏம்மா, ஒரே பயிருக்கு எத்தன பேரு? வெதங்கிறீங்க, நாத்துங்கிறீங்க, கதிருங்கிறீங்க, நெல்லுங்கிறீங்க, அரிசிங்கிறீங்க, சோறுங்கிறீங்க. எனக்கு மட்டும் ஏன் ஒத்தப் பேரு?"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒனக்கா? கழுத, கொரங்கு, ஓட்டவாயி. இதெல்லாம் பேரில்லயா? வழிய விடு" என்றாள்.

வெள்ளிக்கிழமை ரேடியோவில் பூங்கொடி அதே கேள்வியைக் கேட்டாள். வெதங்கிறீங்க, நாத்துங்கிறீங்க என்று என்னுடைய அதே வரிசையில், "ஒத்தப் பேரு" என்று முடிவில் என்னைப் போலவே மூக்கால் இழுத்து. மணலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அம்மா பூங்கொடிக்குச் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நீயும் வளருவடா தங்கம். வளர வளர ஒனக்கும் பேரு மாறும். அக்காம்பாங்க, அத்தைம்பாங்க, ஒரு நாளைக்கு அம்மாம்பாங்க. பயிரு மாதிரிதான் நீயும்."

எதிர்வீட்டு அத்தை என் தலையில் செல்லமாகத் தட்டி, "பாத்தியா அந்தப் பொண்ணு எவ்ளோ வெவரமா கேக்குது? நீயும் இருக்கியே, கடல முட்டாயத் தின்னுக்கிட்டு" என்றாள்.

"அது நான் கேட்ட கேள்வி!"

"ஆமா, இவ கேட்டா ரேடியோக்காரன் எழுதி வாங்கிட்டுப் போயிட்டான்."

என் கேள்வியை அம்மா எடுத்துக்கொண்டுபோய் இன்னொருத்திக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்குக் கழுதை என்ற பதில், அவளுக்குத் தங்கம் என்ற பதில். கடலைமிட்டாயைத் துப்பிவிட்டு அங்கேயே முடிவு செய்தேன். என்றைக்காவது திருச்சிக்குப் போக வேண்டும், பூங்கொடியைக் கிள்ள வேண்டும், அவளைத் தள்ளிவிட்டு மைக்குக்கு முன்னால் நான் நிற்க வேண்டும்.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் தஞ்சாவூரில் ஒரு நாடகக் கம்பெனி வீட்டில் வளர்ந்தவள். பதினாலு வயதில் மேடை ஏறி, பதினாறு வயதில் "ஸ்பெஷல் நடிகை" ஆகிவிட்டாள். அந்தக் காலத்தில் டெல்டாவில் மன்றம் இல்லாத ஊர் இல்லை, மன்றம் இருந்தால் வருஷத்துக்கு ஒரு நாடகம் இல்லாமல் இல்லை. ஊர் இளைஞர்களே எழுதி ஊர் இளைஞர்களே நடிப்பார்கள். கதாநாயகிக்கு மட்டும் தஞ்சாவூருக்கு ஆள் அனுப்புவார்கள். கதையும் எல்லா ஊரிலும் ஒன்றேதான். மிராசுதார் மகளுக்கும் குத்தகைக்காரர் மகனுக்கும் காதல், கடைசியில் நீதிமன்றத்தில் அடுக்குமொழியில் அரைமணி நேர வசனம். கதாநாயகியின் பெயர் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். அம்மா சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்குவாள், ஒரே ஒரு ஒத்திகை பார்ப்பாள், ராத்திரி மேடை ஏறிவிடுவாள். நேற்று கண்மணி, இன்று மலர்விழி, நாளைக்கு எழிலரசி. அவளுக்கு வசனம் மறக்காமல் பார்த்துக்கொள்வது பக்கத்துத் திரைக்குப் பின்னால் நோட்டோடு குந்தியிருந்து வரிகளை எடுத்துக் கொடுக்கிறவரின் பொறுப்பு.

எங்கள் ஊரில் அப்படிக் குந்தியிருந்தவர் என் அப்பா. பத்தாவது வரை படித்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும், ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைச் சாகுபடி. நாடகத்தில் குத்தகைக்காரர் மகனாக நடித்தது தபால்காரர். நிஜமான குத்தகைக்காரர் மகன் திரைக்குப் பின்னால் இருந்தார். "என்னைத் தொட வேண்டுமானால் இந்த மண்ணைத் தொட்டு உழுதவன் தொடட்டும்" என்று அப்பா கிசுகிசுத்ததை அம்மா உரக்கச் சொல்லிக் கைதட்டு வாங்கினாள். அடுத்த வருஷம் நாடகத்துக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மேடை கிடையாது என்று இரண்டு பக்கத்திலும் சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் முகம் தெரியாது என்பதால் அதற்கு மட்டும் பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்களாம். முகம்தான் தெரியாதே தவிர, பெஞ்சுக்கும் மணலுக்கும் அவளைத் தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை போனதில்லை.

சரி, பூங்கொடிக்கு வருகிறேன்.

என் முதல் நடவடிக்கை வேலைநிறுத்தம். ஊரில் அப்போது எதற்கெடுத்தாலும் வேலைநிறுத்தம்தான், எனக்கும் அதுதான் தெரிந்தது. என் கேள்விகள்தானே பூங்கொடிக்குப் போகின்றன? இனிமேல் கேள்வியே கேட்பதில்லை. வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டேன். ஓயாமல் பேசுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய தவம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் வாரம் பூங்கொடி "ஆமாம்மா", "சரிம்மா" என்று மட்டும் பேசினாள். இரண்டாவது வாரம் இருமிவிட்டுப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீட்டில் அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். "என்னடி, வாயில கொழுக்கட்டையா? எதாச்சும் கேளேன்."

"ஒண்ணுமில்ல."

"வானத்தப் பத்திக் கேளு, வாத்தப் பத்திக் கேளு. தண்டத்துக்கா வாயி வச்சிருக்க?"

அப்பா கயிறு திரித்துக்கொண்டே, "விடு, கழுத பெரிய மனுசி ஆவுது" என்று சிரித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் என்னமோ இருந்தது. பூங்கொடி எப்படி இருப்பாள் என்று நான் எப்போது கேட்டாலும் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள். "அவளா? சொன்ன பேச்சக் கேப்பா. காலு கையக் கழுவிட்டுத்தான் சாப்புடுவா" என்பாள் அம்மா. "சடைய வாயில வச்சுக் கடிக்க மாட்டா" என்பார் அப்பா. நான் சடையை வாயிலிருந்து எடுப்பேன்.

அடுத்தது பொறி வைத்தேன். ஒரு முட்டாள்தனமான கேள்வியை அம்மா காதில் போட்டால் அது பூங்கொடியிடம் போகும். அவள் அதைக் கேட்டு ஊர் சிரிக்கும். அப்பா யூரியா மூட்டையைப் பிரிக்கும்போது அம்மா பக்கத்தில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டேன். "ஏம்மா, யூரியா சீனி மாதிரியே இருக்கே, பாயசத்துல போட்டா என்னா?"

அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பதினைந்து நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைக் கண்ட மாதிரி. எனக்குப் பின்னந்தலையில் ஒரு அடியும் கிடைத்தது, அது வேறு.

வெள்ளிக்கிழமை பூங்கொடி கேட்டாள். ஊர் சிரித்தது. நான் எதிர்பார்த்த சிரிப்பு இல்லை. பெண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் "ஐயையோ, ஆமால்ல!" என்றார்கள். ரேடியோ அம்மா உரத்தைச் சமையல்கட்டுப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னாள். அன்றைக்கே எதிர்வீட்டு அத்தை சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த யூரியாவை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றினாள். பூங்கொடி பல வீடுகளைக் காப்பாற்றிவிட்டதாகப் பேச்சு. நாகூரிலிருந்து ஒரு கடைக்கார பாய், "அறிவுள்ள குழந்தை பூங்கொடிக்கு" என்று எழுதி ஒரு கஜம் சிவப்புச் சாட்டின் ரிப்பன் ரேடியோ நிலையத்துக்கு அனுப்பியிருந்தார்.

அந்த ரிப்பனை அம்மா கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "இந்தா, வச்சுக்க."

"யாரோடது?"

"பூங்கொடிக்கு வந்துது. அவ ஒனக்குக் குடுக்கச் சொன்னா."

இதைவிட ஒரு பிள்ளையைக் கேவலப்படுத்த முடியுமா? என் கேள்வியைத் திருடி, அதற்குப் பரிசு வாங்கி, வேண்டாம் என்று எனக்குத் தானம் பண்ணுகிறாள். ரிப்பனை டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். கட்டிக்கொள்ளவில்லை. தினமும் எடுத்துப் பார்த்தேன் என்பது வேறு விஷயம். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

தை மாதம் சம்பா அறுப்பு வந்தது. அப்பா குத்தகையைத் தாலுக்கா ஆபீசில் பதிவு செய்திருந்தார். நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணை வீட்டுக்காரர், பதிவு செல்லாது, நிலத்தை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து எங்கள் ஆறு மாவில் அறுப்புக்கு இறக்கினார். அப்பாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு குத்தகைக்காரர்களும் போய்க் கதிருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். அடிதடி ஒன்றும் இல்லை. போலீஸ் வேன் வந்தது. ஒவ்வொருவராக ஏற்றினார்கள். அப்பா ஏறும்போது அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, கால் சேற்றை வாய்க்காலில் அலம்பிக்கொண்டு ஏறினார். நான் கரையில் நின்று பார்த்தேன்.

அம்மா தூக்கில் சோறு எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள். ஒரு மணிக்குத் திரும்பி வந்தவள் முகத்தைக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, "கெளம்புடி" என்றாள்.

எதிர்வீட்டு அத்தை வாசலிலேயே மறித்தாள். "என்னக்கா, அண்ணன் உள்ள இருக்கு. நீங்க நாடகத்துக்குப் போறீங்களா?"

"போவலன்னா அடுத்தவாட்டி கூப்புட மாட்டான். அவரே போயிட்டு வான்னுதான் சொன்னாரு."

"ஊரு என்னா பேசும்?"

"சாயங்காலம் நான் பேசறத ஊரு கேக்கும்ல. பதில் அதுல வச்சுக்கட்டும்."

என்னை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை, எல்லாப் பெண்களும் ஸ்டேஷன் வாசலில் இருந்தார்கள். அதனால் என்னையும் கூட்டிக்கொண்டாள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அப்பா லாக்கப்பில் இருந்த அன்று நான் தீபாவளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, உள்ளங்கையில் சிவப்பு ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு, குதித்துக்கொண்டு ரயில் ஏறினேன். பூங்கொடி முகத்தில் அதை விட்டெறிய வேண்டும். பிறகு கிள்ள வேண்டும். அம்மா மடியில் இருந்த வசனத்தாளை வழி முழுவதும் பிரிக்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே அறுத்த வயலும் அறுக்காத வயலும் மாறி மாறி ஓடின. நான் கிள்ளுவதற்கு வலது கையா இடது கையா என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

ரேடியோ நிலையத்தில் தரையெல்லாம் கம்பளம், சுவரெல்லாம் ஓட்டை ஓட்டையாகப் பலகை. நடுவில் ஒரு மைக். ஓரத்தில் பித்தளை அண்டாவில் தண்ணீரை வைத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மாமா நின்றார். ரேடியோவில் நாங்கள் கேட்ட வயல் சேறு, வாய்க்கால், மழை எல்லாம் அந்த அண்டாவும் அவர் காலும்தான். ரேடியோ அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, வயலையே பார்த்திராதவர் மாதிரி வெள்ளைவெளேரென்று இருந்தார். நான் எல்லா மூலையிலும் தேடினேன். ஒன்பது வயதில் ஒருத்தியும் இல்லை.

தயாரிப்பாளர் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "குழந்தைய ஏம்மா கூட்டியாந்தீங்க? நேரடி நிகழ்ச்சி."

"சத்தம் போடாது சார். விட்டுட்டு வர ஆளில்ல" என்றாள் அம்மா. ஏன் ஆளில்லை என்று சொல்லவில்லை. என்னை மூலை நாற்காலியில் உட்காரவைத்தாள். "செவப்பு லைட்டு எரிஞ்சா மூச்சுகூட விடப்படாது. புரியுதா?"

"பூங்கொடி எப்ப வருவா?"

அம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து என்னிடம் கொடுத்துவிட்டு மைக்குக்குப் போனாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அண்டா மாமா தண்ணீரில் கால் வைத்தார். ரேடியோ அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். "பூங்கொடி, சாப்புட வாடா தங்கம்" என்று அம்மா வெல்லக் குரலில் கூப்பிட்டாள். நான் கதவையே பார்த்தேன். இப்போது வருவாள்.

அம்மா முட்டியைக் கொஞ்சம் மடக்கினாள். ஒற்றைக் காலில் நின்று மறு காலால் கெண்டைக்காலைச் சொறிந்தாள். புடவைத் தலைப்பின் நுனியைச் சடை மாதிரி முறுக்கி வாயோரத்தில் வைத்தாள். "எனக்கு ஒண்ணும் வாணாம்மா, இன்னிக்கும் கத்திரிக்காதானே?" என்றாள். பூங்கொடி வந்துவிட்டாள்.

கடவுளே என்று ஒரு நிம்மதி வந்திருக்க வேண்டும், அப்படி ஒருத்தி இல்லையே என்று. அது வரவில்லை. முன்னைவிட அதிகமாக எரிந்தது. ஒருத்தி இருந்திருந்தால் கிள்ளியிருப்பேன். இப்போது யாரைக் கிள்ளுவது? கெண்டைக்காலைச் சொறிவது நான். சடையைக் கடிப்பது நான். கத்திரிக்காய் பிடிக்காதது எனக்கு. என்னை வைத்து என்னைவிட நல்ல ஒரு பெண்ணைச் செய்து, அவளைத் தங்கம் என்று கொஞ்சிக்கொண்டு, என்னை மூலையில் மூச்சு விடாமல் உட்காரவைத்திருக்கிறாள்.

பூங்கொடி கேட்டாள். "அப்பா எங்கம்மா?"

அம்மா நிமிர்ந்து, வெல்லக் குரலில் சொன்னாள். "அப்பா வயலுக்குப் போயிருக்காருடா கண்ணு. கதிரறுத்துக்கிட்டுப் பொழுது சாய வந்துடுவாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. பூங்கொடிக்கு அப்பாகூட வந்துவிடுவார். நாற்காலி மேல் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினேன். "பொய்யி! அப்பாவப் போலீசு புடிச்சிட்டுப் போயிடுச்சு!"

தஞ்சாவூர் ஜில்லா முழுக்க, பெஞ்சிலும் மணலிலும், எந்தெந்த ஊரில் எத்தனை குழாய் உண்டோ அத்தனையிலும் அது போயிற்று.

அண்டா மாமா ஒரு காலைத் தண்ணீரிலும் ஒரு காலை அந்தரத்திலும் வைத்தபடி நின்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தயாரிப்பாளர் எழுந்து இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். ரேடியோ அப்பா தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். தாளில் இதற்கு மேல் என்ன சொல்வது என்று எழுதியிருக்கவில்லை. அம்மாவுக்கு வசனம் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அந்த நேரத்தில் லாக்கப்பில் இருந்தார்.

அம்மா இடது கையை என் பக்கம் நீட்டினாள். நான் இறங்கிப் போனேன். என்னை இடுப்போடு சேர்த்து அணைத்து, உள்ளங்கையால் என் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மைக்கைப் பார்த்துச் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"அடி என் தங்கமே. பகல்ல தூங்குனா இப்பிடித்தான், கண்டதும் கனாவுல வரும். அம்மா இருக்கேன்ல? அழுவாத. வந்துடுவாரு."

என் வாயைப் பொத்தியிருந்த கை இன்னும் இறுகியது. குரலில் அது துளியும் தெரியவில்லை. உடனே முட்டியை மடக்கினாள், என் தலை அவள் தோளுக்கு வந்தது. "கனாவாம்மா? நெசமாட்டமே இருந்துச்சே" என்றாள் பூங்கொடி. என்னுடைய குரல், ஆனால் அழுகை கலந்து.

"நெசமாட்டந்தான் இருக்கும்டா. பயப்படாத. நம்ம நெல்லு நம்ம வீட்டுக்குத்தான் வரும்" என்றாள் அம்மா. அந்த வரியைத் தயாரிப்பாளர் எழுதித் தரவில்லை.

விளக்கு அணைந்ததும் அவர் உள்ளே வந்தார். கோபத்தில் வாய் குழறியது. "இது சர்க்கார் ரேடியோம்மா!"

"தெரியும் சார்."

என்னைப் பார்த்தார். பிறகு, கோபத்தை எங்கேயோ வைத்துவிட்டவர் மாதிரி, "கத்தினது இதா? நீங்கதான் தாள விட்டுட்டு எதோ பேசறீங்கன்னு நெனச்சேன். எனக்கே வித்தியாசம் தெரியலியே" என்றார். அம்மா என்னிடமிருந்து வளையல்களை வாங்கி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். ரிப்பன் எங்கேயோ கம்பளத்தில் விழுந்துகிடந்திருக்க வேண்டும், பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

ரயிலில் அம்மா என்னை அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. திருவெறும்பூர் தாண்டியதும் நானே கேட்டேன். "அப்ப பூங்கொடின்னு ஒருத்தி கெடையாதா?"

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்காளே" என்றாள்.

இன்னும் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரில் இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டு அத்தை அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "என்னக்கா இது! சர்க்கார் ரேடியோவுலயே சொல்லிப்புட்டீங்களே! பெஞ்சுல இருந்தவங்க மூஞ்சியப் பாக்கணுமே, எந்திரிச்சுப் போயிட்டாங்க. நம்ம நெல்லு நம்ம வீட்டுக்குன்னீங்களே, இங்க ஒரே கைதட்டு!"

"அந்தப் பொண்ணுக்குத்தான் என்னா தைரியம்!" என்றாள் இன்னொருத்தி. "பூங்கொடிக்குச் சுத்திப் போடணும்டியம்மா."

"நான்தான் கத்துனேன்!" என்றேன்.

சிரித்தார்கள். "ஆமாமா, இவதான் கத்துனா. போடி, போயித் தூங்கு."

வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நான் ரேடியோவில் பேசினேன். அதையும் பூங்கொடி பெயரில் எழுதிவிட்டார்கள்.

அப்பா நாலாம் நாள் வந்துவிட்டார். வழக்கு நாலு வருஷம் இழுத்து ஆறு மாவில் மூன்று மா எங்களுக்கு நின்றது. அம்மாவை நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டு நிலையத்திலிருந்து வருகிற கார்டு அதன் பிறகு வரவில்லை. யாரோ புகார் எழுதிவிட்டதாகச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா முதன்முறையாக எங்களோடு மணலில் வந்து உட்கார்ந்தாள். குழாயில் வேறொருத்தி பூங்கொடியாகப் பேசினாள். கிளிக்குரல். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை, "ஆமாம்மா", "சரிம்மா" மட்டும். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் கொண்டாட்டம். பூங்கொடி ஒழிந்தாள்! அம்மா முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவள் பாதியில் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். உலை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அடுப்பு எரியவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் நான் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

ஒன்றரை வருஷம் கழித்து அவளை மறுபடி கூப்பிட்டார்கள். கிழவி, மாமியார், பக்கத்து வீட்டு வம்புக்காரி என்று இன்றுவரை பேசுகிறாள், கடிதங்கள்கூட வருகின்றன. மன்றத்து ஆண்டு விழாவில் ஒரு தடவை, அப்பா திரைக்குப் பின்னால் குந்தியிருக்க, மேடையும் ஏறினாள். குழந்தைக் குரலுக்கு மட்டும் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டால், "தொண்ட ஒத்துக்கல" என்பாள்.

இப்போது எனக்கு இருபத்தொரு வயது. பி.ஏ. முடித்தாயிற்று. அதே நிலையத்திலிருந்து குரல் தேர்வுக்குக் கார்டு வந்திருக்கிறது, வருகிற புதன்கிழமை. மூன்று வயதுகளில் பேசிக் காட்ட வேண்டுமாம். கிழவி வந்துவிட்டது. என் வயதும் வந்துவிட்டது. ஒன்பது வயதுதான் வரவில்லை. மாட்டுக்கொட்டகையில் நின்று முட்டியை மடக்கிப் பார்த்தேன், தாவணி நுனியைக் கடித்துப் பார்த்தேன், கிளிக்குரல்தான் வருகிறது. நான் எப்படிப் பேசினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. அது தெரிந்த தொண்டை ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் அடுப்படியில் இரண்டு நாளாக, நான் கொட்டகையில் கத்துவதைக் கேட்டும் கேட்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறது.

நாளைக் காலையில் போய்க் கேட்கப் போகிறேன், பூங்கொடி எப்படிப் பேசுவாள் என்று. கழுதை என்பாளா, தங்கம் என்பாளா, தெரியாது. ஒருவேளை வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு, வயதான முட்டியை மடக்கி, பேசியும் காட்டலாம். அப்படிக் காட்டினால் நான் அவளைவிட நன்றாகப் பேசியாக வேண்டும். அவளை என்றால், பூங்கொடியை.